கூட்டறிக்கையில் ஏறாத வாக்கியம்

பிள்ளைக் காம்பராவில் பெரியவர்கள் அமரத்தக்க கதிரை ஒன்றும் இல்லை. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த, நீலச் சாயம் பூசிய சிறு கதிரைகள் பத்தோ பன்னிரண்டோ சுவரோரமாக நின்றன. அவற்றுள் ஒன்றிலேதான் அன்று தோட்டத்தை நிருவகிக்கும் துரை அமர்ந்திருந்தார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தன.

வெளியே மழை. தகரக் கூரையில் அது விழுந்த ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆகவே எல்லாரும் உரக்கப் பேசினார்கள். கூரை மூன்று இடங்களில் ஒழுகிற்று. ஆயா லெச்சுமி ஒவ்வோர் ஒழுக்கின் கீழும் ஒரு சட்டியை வைப்பதும், நிரம்பியதை வாசலில் கொண்டுபோய் ஊற்றுவதுமாக இருந்தார். பாற்பொடியின் வாடையும் நனைந்த கம்பளியின் வாடையும் அறையை நிறைத்திருந்தன.

தரையில் முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுள் ரோசம்மா எழுந்து நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு; கையில் கொழுந்துக் கறை.

“தொரை, புது வீடு கட்டித் தரப்போறதாச் சொல்றீங்க. சந்தோசம். கடதாசியில யாரு பேரு போடுவீங்க?”

“வேற யார் பேர்? குடும்பத் தலைவர் பேர்தான்” என்றார் துரை. சிங்களவராயினும் தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசுவார்.

“அது யாருன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

பெண்கள் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். ரோசம்மா சிரிக்கவில்லை.

“மழ பேயிறப்ப நாங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் வாங்க தொரை. ஒழுகுற எடத்துல சட்டி வைக்கிறது யாருன்னு பாருங்க. பாத்துட்டு அவங்க பேரப் போடுங்க.”

அந்த வேளையில் லெச்சுமி நிரம்பிய சட்டியுடன் துரையின் முன்னால் நின்றிருந்தார். துரை அவரைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். “சரி, சரி. ரெண்டு பேர் பேரையும் போடுவோம்” என்று கையை உயர்த்தியபடியே எழுந்தார். கதிரையும் அவருடன் எழுந்தது. அதை அவரிடமிருந்து பிரித்தெடுக்க இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது.

இருபது ஆண்டுகளுக்குக் குறையாத பழைய செய்தி இது. அந்த அறையின் சன்னலோரத்தில், மடியில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை வைத்து அனைத்தையும் எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

நான் எழுதியது

நான் தோட்டத்துப் பெண் அல்லேன். வடக்கிலிருந்து ஆசிரியையாக மாற்றலாகி மாத்தளைக்கு வந்தவள். நகருக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தின் மாதர் சங்கத்துக்கு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் வந்து கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை, செயலாளர் ஆனேன்.

முதலிரண்டு கூட்டங்களுக்கு எவரும் வரவில்லை. சங்கத்தின் பெயரால் மாலை ஆறு மணிக்குக் கோவிலடியில் கூட்டம் வைத்தவர்கள் ஆண்கள். அது அடுப்பு மூட்டும் நேரம், பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் நேரம். அதை ஆறு மணியென்று தீர்மானித்தவர் ஆறு மணிக்கு ஒருநாளும் சோறு ஆக்கியிராதவர். பெண்கள் வாதாடவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்தவுடன் கலைந்துபோகாமல் நேரே பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்தார்கள். அன்று தொடக்கம் கூட்டம் அங்கேதான், அந்த நேரத்தில்தான்.

இந்த மாற்றத்தை நான் எவ்வாறு எழுதினேன் தெரியுமா? “கூட்ட நேரம் மாற்றியமைக்கப்பட்டது.” யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது அதில் இல்லை.

கூட்டத்தில் நடந்ததைப் பதியும் கூட்டறிக்கை என்பது தெளிந்த நீர்போல இருத்தல் வேண்டும் என்று கருதியவள் நான். சிரிப்பும் சினமும் ஏச்சும் அதில் கலக்கலாகாது. பேச்சுமொழி கலந்தால் அது கொச்சை. பண்டிதர் பரீட்சைக்குப் படித்த கையால் கொச்சையை எழுதுவதா?

அவர்களும் என் நடையைப் பெருமையாகவே கருதினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற அறிக்கையை நான் வாசிக்கும்போது கைகட்டிக் கேட்பார்கள். “டீச்சர் வாசிச்சா ரேடியோ மாதிரி இருக்கு” என்பார் லெச்சுமி. விளங்கிற்றா என்று கேட்டால், “வெளங்கல. ஆனா நல்லா இருக்கு” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த விடையைப் பற்றி நான் சிந்தித்திருக்க வேண்டும்.

துரை சிறு கதிரையில் அமர்ந்த அந்த நாளுக்கு நான் எழுதியவை இரண்டே வாக்கியங்கள். “வீடமைப்புத் தொடர்பில் உறுப்பினர் ஒருவர் வினா எழுப்பினார். நிருவாகத்தின் சார்பில் தகுந்த விளக்கம் அளிக்கப்பட்டது.”

எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

உரப்பையில் வந்த கொப்பி

ஓய்வு பெற்றபின் தோட்டத்துக்குப் போவது குறைந்து, பின்னர் நின்றே போயிற்று. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே ரோசம்மா என் வீட்டுக்கு வந்தார். தலைமுடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. கையில் ஓர் உரப்பை. அதற்குள் பொலித்தீனில் சுற்றிய அதே சீ.ஆர். கொப்பி.

“டீச்சர், ஒங்க எழுத்துக்கு இப்பத்தான் வேல வந்திருக்கு.”

செய்தியைத் தேத்தண்ணீர் ஆறுமுன் சொல்லி முடித்தார். புது வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதுதான் காணி உறுதிப் பத்திரம் வழங்கப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவருடைய வீட்டுக்கு நேரே கணவர் அந்தோனியின் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தோனியோ நான்கு ஆண்டுகளாகத் தம்புள்ளையில். பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்தச் சந்தையில் லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிறார். அங்கேயே வேறொரு குடும்பமும் ஆகிவிட்டது. உறுதி கைக்கு வந்ததும் வீட்டைத் தம் அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“அப்ப நானும் மகளும் எங்க போறது? திரும்ப லயத்துக்கா? லயத்துக் காம்பராவையும் இடிச்சுட்டாங்க.”

ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். வருகின்ற செவ்வாய்க்கிழமை காணி அலுவலகத்தில் விசாரணை. இரண்டு பெயரும் போடுவதாக அன்றே நிருவாகம் ஒத்துக்கொண்டது என்பதுதான் அவருடைய ஒரே வாதம். அந்தத் துரை இப்போது நாட்டில் இல்லை.

“அதுக்கென்ன, கொப்பியில இருக்கே! நீங்கதானே எழுதினீங்க. எனக்கு வாசிக்கத் தெரிஞ்சாலும் ஒங்க தமிழு பிடிபடாது. எந்தப் பக்கம்னு காட்டுங்க, போதும்.”

பக்கத்தைக் கண்டுபிடித்தேன். வாசித்தேன். எனக்குள்ளே ஒரு முறை. பின்பு அவருக்குக் கேட்க ஒரு முறை.

ரோசம்மா பக்கத்தை எட்டிப் பார்த்தார். “மிச்சம்?”

“இவ்வளவுதான், ரோசம்மா.”

“என் பேரு?”

“உறுப்பினர் ஒருவர் எண்டு எழுதியிருக்கிறன்.”

“தொரை சொன்னது?”

“தகுந்த விளக்கம் எண்டு.”

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், எழுத்துகளுக்கு அடியில் வேறேதும் இருக்கலாம் என்பதுபோல. “எம்புட்டு நேரம் எழுதிக்கிட்டே இருந்தீங்களே டீச்சர்” என்றார்.

ஆணைக்குழுவின் முன்

கொப்பியை என்னிடமே விட்டு அவர் போனபின் என் மேசையைப் பார்த்தேன். கொழும்பிலுள்ள பெண்கள் அமைப்பொன்று, இந்நாட்டுப் பெண்ணுரிமை இயக்கத்தின் வரலாற்றைத் தமிழில் சுருக்கி எழுதித் தரும்படி கேட்டிருந்தது. அதற்காகச் சேர்த்த நூல்களும் நகல்களும் மேசை நிறையக் கிடந்தன. சில நாளாக எனக்கு ஓர் ஐயம் இருந்துவந்தது. அது இன்னதென்று அன்றுதான் தெளிந்தது.

வரலாற்று நூல்களில் பெண்கள் “விண்ணப்பித்தனர்”, “வலியுறுத்தினர்”, “பங்காற்றினர்”. ஆனால் என்ன சொன்னார்கள்? எவர் குறுக்கிட்டார்? சொன்னவரின் குரல் நடுங்கிற்றா? பக்கம் பக்கமாகத் தேடினாலும் கிடைப்பதில்லை. என்னைப்போன்ற செயலாளர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

ஒரேயோர் இடத்தில் மட்டும் சன்னல் ஒன்று திறக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், வாக்குரிமையை ஆராய வந்த ஆணைக்குழுவின் முன் கொழும்புப் பெண்கள் சிலர் சாட்சியளிக்கச் சென்றார்கள். பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றார்கள். அப்படியானால் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்குமா என்று தலைவர் கேட்டாராம். ஆம், அவர்களும் பெண்கள்தாமே என்று ஒருவர் சட்டென்று விடையளித்தாராம்.

எத்தனையோ அறிக்கைகள் மறைந்துபோக, இந்தச் சிறு விடை இன்றும் வழங்குகிறது. சொன்னபடியே எவரோ குறித்துவைத்ததனால்தான். அங்கும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. அந்த அறையில் தோட்டத்துப் பெண் ஒருத்தியேனும் இருந்தாளா? இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

வாக்கு வந்தது. விடுதலைக்குப்பின் வந்த குடியுரிமைச் சட்டங்களால் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் அதை இழந்தார்கள். பின்னர்ச் சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்றார்கள். ரோசம்மாவின் தாயார் முதன்முறை வாக்களிக்கச் சென்றபோது தலைமுடி முழுதும் நரைத்திருந்ததாம். விரலில் இட்ட மையைத் திருநாளுக்கு இட்ட மருதாணிபோல் பத்து நாள் காத்தாராம். இதுவும் ஒரு கூட்டத்தில் ரோசம்மா சொன்னதுதான். கொப்பியைத் திறந்து தேடினேன். “உறுப்பினர்கள் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர்” என்றிருந்தது.

விசாரணை

செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்து விறாந்தையில் நாங்கள் மூவர்: ரோசம்மா, நான், ஊன்றுகோலுடன் லெச்சுமி. அந்தோனி தம்புள்ளை பஸ்ஸில் வந்திறங்கினார். சட்டையெல்லாம் வெங்காய மணம். காதோரத்தில் வெங்காயச் சருகொன்று ஒட்டியிருந்தது. ரோசம்மா அதைக் கவனித்தார். கை நீட்டவில்லை, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

உத்தியோகத்தர் இளம் பெண். சிங்களவர், தமிழைப் பயின்று பேசினார், ஒவ்வொரு சொல்லாக. இரு தரப்பையும் கேட்டபின் நிலைமையை எளிமையாகச் சொன்னார். தோட்டத்திலிருந்து வந்த பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது. இருவர் பெயருக்கும் முன்பு இணக்கம் இருந்ததென்று தெரிந்து, கணவரும் அதை மறுக்காவிட்டால், திருத்தும்படி பரிந்துரைக்கலாம். இல்லாவிட்டால் முடியாது.

கொப்பியை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். நிமிர்ந்தார்.

“தகுந்த விளக்கம் என்று இருக்கு. என்ன விளக்கம்?”

இருபதாண்டுகளாக அந்த வாக்கியத்தை எவரும் கேட்காத கேள்வி அது.

“யார் எழுதினது?”

“நான்தான் எழுதினனான்” என்றேன். “அவ சொன்னதையும் துரை சொன்னதையும் நான் எழுதேல்லை. பேசினபடி எழுதினால் கொப்பிக்கு அழகில்லை எண்டு நினைச்சிட்டன்.”

அந்தோனி தொண்டையைச் செருமினார். “டீச்சரம்மா நல்லவங்கதான். எம் புள்ளைக்குப் படிச்சுக் குடுத்தவங்க. ஆனா இப்ப வந்து வாயால சொன்னா ஆச்சா மிஸ்? கொப்பியில இல்லையே.”

அவர் சொன்னது சரி.

லெச்சுமி ஊன்றுகோலைத் தட்டினார். “கொப்பியில இல்லாட்டி நடக்கலையா? நான் சட்டியோட நிக்கிறேன் மிஸ், தொரை புள்ளைக் கதிரையில குந்தியிருக்காரு. இவ கேட்டா. அவரு சொன்னாரு. சொல்லிக்கிட்டே எந்திரிச்சாரு. கதிரையும் கூடவே வருது! நானும் கமலமும் ஓடிப்போயி ஆளுக்கொரு கால புடிச்சு…”

“நீங்க இல்ல லெச்சுமியக்கா” என்றார் அந்தோனி. “கமலமும் ரோசம்மாவும். நீங்க சட்டிய வச்சிருந்தீங்க. தொரையோட சப்பாத்து மேல தண்ணி சிந்தினது நீங்க.” சொல்லும்போதே சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. தோள்கள் குலுங்கின. வெங்காயச் சருகு உதிர்ந்தது.

உத்தியோகத்தரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டார்: “நீங்க அங்க இருந்தீங்களா, ஐயா?”

“இல்லைங்க மிஸ். பொம்பளைங்க கூட்டத்துல நான் எப்படி? இவதான் வந்து சொன்னா. குந்துற பலகைக்கட்டைய பின்னால வச்சுக்கிட்டு நடிச்சே காட்டினா. லயமே சிரிச்சுச்சு.”

“தொரை எழும்பும்போது என்ன சொன்னார் என்றும் சொன்னாங்களா?”

ரோசம்மா இப்போதுதான் அந்தோனியை நேராகப் பார்த்தார். ஏச்சில்லாத, கெஞ்சலும் இல்லாத பார்வை. என்ன சொல்லப்போகிறார் என்று அறிய விரும்பும் பார்வை மட்டுமே.

“ரெண்டு பேர் பேரும்னு சொன்னா” என்றார் அந்தோனி. பின்னர், எவரும் கேளாமலே, “நானும் அப்ப சரின்னுதான் சொன்னேன்” என்றார்.

“ஒங்கிட்ட ஒன்னே ஒன்னுதான்யா நல்லது” என்றார் ரோசம்மா. “பொய் சொல்ல வராது.”

மறுபடியுமா?

நடந்ததைச் சாட்சி என்ற முறையில் எழுதித் தரும்படி உத்தியோகத்தர் தாளொன்றை என்னிடம் நீட்டினார். பேனையைத் திறந்தேன். கை தன் வழக்கப்படி ஓடிற்று. “மேற்படி கூட்டத்தில் திருமதி ரோசம்மா அவர்கள் வீட்டுரிமையில் மகளிரின் பங்கை வலியுறுத்தி…”

“வாசிங்க டீச்சர்” என்றார் ரோசம்மா.

வாசித்தேன்.

“மறுபடியுமா?”

அந்த ஒரு சொல்லில் அறை முழுவதும் சிரித்தது, அந்தோனி உட்பட. நான் அத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு வேறு தாள் வாங்கினேன். ரோசம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மழ’ என்றும் ‘பேயிறப்ப’ என்றும் ‘எடத்துல’ என்றும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லிலும் பேனை ஒரு கணம் தயங்கிற்று, தயங்கியபின் எழுதிற்று.

உத்தியோகத்தர் அதை வாங்கி வாசித்தார். ஒழுகும் இடத்துச் சட்டியைப் பற்றிய வரிக்கு வந்ததும் நிறுத்தினார். தம் கோப்புக்காக அவ்வொரு வரியை மட்டும் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். எழுதியது சரிதானா என்று ரோசம்மாவிடம் வாசித்தும் காட்டினார். ரோசம்மா கேட்டுத் தலையசைத்தார். “சட்டிய விட்றாதீங்க மிஸ்” என்றார்.

அந்தோனி கீழே கையொப்பமிட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தவர், வாசலில் நின்று, “மக சொகமா?” என்று கேட்டார். “இருக்கா” என்றார் ரோசம்மா.

இரண்டாம் இடம்

திருத்திய பட்டியல் அறிவித்தற் பலகைக்கு வர ஆறேழு கிழமை ஆயிற்று. ரோசம்மா என்னையும் அழைத்துக்கொண்டுபோனார். விரலை வரிகளின்மேல் இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தோனி, அதன் பக்கத்தில் ரோசம்மா. விரலை எடுக்காமல் நெடுநேரம் நின்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

“பேரு ரெண்டாவதாத்தான் போட்டிருக்காங்க” என்றார், திரும்பி. கண்கள் கலங்கியிருந்தன; வாய் சிரித்தது. “சட்டி வச்சவ பேரு முன்னுக்கு வரணும். அத அடுத்த கூட்டத்துல கேப்போம்.”

அந்த வீட்டை இனி அவருடைய கையொப்பமின்றி எவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கொப்பியை அவரே மடியில் வைத்திருந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர், “இதுல எத்தன கூட்டம் இருக்கு டீச்சர்?” என்று கேட்டார்.

“நாற்பதுக்கு மேல.”

“எல்லாத்துலயும் தகுந்த விளக்கம்தானா?”

“அனேகமாய்.”

“அப்ப சனிக்கிழம வாங்க.”

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். கொழும்புக்கு எழுத வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கிறது. எழுதிய பாதியிலும் ‘வலியுறுத்தினர்’ என்ற சொல் வருமிடமெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். பிள்ளைக் காம்பராவின் கூரையை மாற்றிவிட்டார்கள். நீலக் கதிரைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில்தான் அமர்கிறேன். எழும்பும்போது ரோசம்மா கதிரையைப் பிடித்துக்கொள்கிறார்.

போன முதல் நாளே முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம். “மலசலகூடம் தொடர்பில் உறுப்பினர் ஒருவர் தம் மனக்குறையை வெளியிட்டார்” என்று வாசித்தேன். யார் அந்த உறுப்பினர்? என்ன சொன்னார்?

எல்லாரும் லெச்சுமியைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்.

“சொன்னா எழுதுவீங்களா டீச்சர்?”

“எழுதுவன்.”

“சொன்னபடியே?”

“சொன்னபடியே.”

“அப்படின்னா” என்றார் லெச்சுமி, “மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க.”